ஏர் இழுக்குது: விமான என்ஜினின் இன்டேக் சீலைப் புரிந்துகொள்ள

பாண்டிச்சேரியில் பல குடும்பங்களுக்கு ஒரு கால் பிரான்சில் இருக்கும். எங்கள் குடும்பத்தில் அந்தக் கால் பெரியப்பா மகன். அவர் அங்கே ஒரு பிளையிங் கிளப்பில் சேர்ந்து, ஏழு வருஷம் சனி ஞாயிறுகளைச் செலவழித்து, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைத் தானே கட்டி முடித்திருக்கிறார். நான் இங்கே கடலூர் முதுநகரில் டூ வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் பொதுவாகப் பேச என்ஜின் ஒன்றுதான் உண்டு.

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். டீ கிளாஸ் வாய் அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர். வளைத்துப் பிடித்திருந்ததால் அதன் கழுத்தில் முடி மாதிரி ஒரு கீறல் தெரிந்தது.

"தம்பி, இதனால மூணு வாரமா தரையிலயே நிக்குது."

"அண்ணே, இது இன்லெட் ரப்பர்தானே? ஏர் இழுக்குதா?"

அவர் சிரித்தார். மூன்று வாரமாக அவர் கிளப்பில் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்த விஷயம் நம் ஒர்க்‌ஷாப் பாஷையில் இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில், வீட்டில் விமானம் கட்டுவதா என்று கேட்பவர்களுக்கு. இது பழைய பழக்கம். பிரான்சில் ஆன்ரி மின்யே என்பவர் 1933-லேயே மோட்டார் சைக்கிள் வகை என்ஜின் ஒன்றைப் போட்டு ஒரு குட்டி விமானத்தைப் பறக்கவிட்டார். அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'வானத்துப் பேன்'. அமெரிக்காவில் இப்படிக் கட்டுபவர்களுக்கான சங்கம் 1953-ல் தொடங்கியது. வேலையில் பெரும்பங்கைக் கட்டுபவரே பொழுதுபோக்காகச் செய்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நம் நாட்டில் மும்பையின் அமோல் யாதவ் மொட்டை மாடியில் விமானம் கட்டி, வருஷக்கணக்கில் அலைந்து, 2017-ல் அதைப் பதிவு செய்தார். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு யாரும் விமானத்தில் ஸ்பானர் வைக்க வேண்டாம். அதற்கு அந்தந்த நாட்டு விதியும், அந்த என்ஜினின் கையேடும், பக்கத்தில் தெரிந்த ஆளும் வேண்டும். இது என்ன, ஏன் என்று புரிந்துகொள்ள மட்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

என்ஜின் பெட்ரோலில் ஓடுகிறது என்கிறோம். பாதி உண்மைதான். அது அதிகம் சாப்பிடுவது காற்றை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14, 15 கிலோ காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடை என்று வைத்துக்கொண்டு நம்மூர் வெயிலில் கணக்குப் போட்டால் சுமார் 9,000 லிட்டர் காற்று வருகிறது. மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர் டேங்க் ஒன்பதை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க அத்தனையும் காலியாக வேண்டும்.

இவ்வளவு காற்றும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். முதலில் பில்டர், அடுத்து ஏர் பாக்ஸ், அப்புறம் கார்புரேட்டர், கடைசியில் சிலிண்டருக்குப் போகும் குழாய். கார்புரேட்டர் தன் வழியாகப் போகும் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலை அளந்து விடுகிறது. அதன் கண்ணுக்குத் தெரியாமல் வேறு வழியில் காற்று நுழைந்தால் அதற்கு அதைப்பற்றித் தெரியாது. பழைய கணக்குப்படியே பெட்ரோல் விடும். கல்யாணப் பந்தியில் 100 இலைக்குச் சமைத்திருக்கும்போது பின்வாசல் வழியாக 20 பேர் வந்து உட்கார்ந்த கதை.

காற்று உள்ளே போகும் இந்த வழிதான் இன்டேக். அதில் அந்தப் பின்வாசல் திறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் சீல். குழாயும் குழாயும் சேரும் இடங்களில் எல்லாம் ஒன்று இருக்கும். எங்கள் பாஷையில் இடத்தைப் பொறுத்து கேஸ்கட், பேக்கிங், ஓ-ரிங், இன்லெட் ரப்பர்.

காற்று உள்ளே இழுக்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஓர் இளநீர் போதும். ஸ்ட்ராவில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தால் என்ன ஆகும்? எவ்வளவு உறிஞ்சினாலும் பாதி இளநீர், பாதி காற்று. இளநீர் வெளியே கசியாது, வெளிக்காற்று உள்ளே வரும். வெடிப்பு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது, வாய்க்குத்தான் தெரியும். இன்டேக் சீலின் கோளாறும் அப்படித்தான். ஆயில் சீல் போனால் தரையில் சொட்டும். குக்கர் கேஸ்கட் போனால் உஸ்ஸென்று சத்தம் போட்டுச் சொல்லிவிடும். இது சொட்டாது, என்ஜின் ஓடும்போது சத்தமும் கேட்காது.

இப்போது ஒரு முக்கியமான இடம். புதிதாக வேலை கற்க வருகிற பையன்கள் எல்லோரும் இங்கேதான் குழம்புவார்கள். த்ராட்டிலை, அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகினால் திறக்கும் காற்றுக் கதவை, முழுதாகத் திறந்தால் என்ஜின் அதிகமாக இழுக்கும், அப்போதுதானே வெடிப்பு வழியாக அதிகம் காற்று வரும் என்று நினைப்பார்கள். நேர்மாறு. கடலூர் வெள்ளிக் கடற்கரையில் நின்றால் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1,013 மில்லிபார். என்ஜின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் மெதுவாக, ஓடும்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. பிஸ்டன் இழுக்கிறது, வாசலோ சாத்தியிருக்கிறது. அதனால் த்ராட்டிலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். வெளியில் இருக்கும் காற்று அந்த ரப்பரை ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் அரைக் கிலோவுக்கு மேல் பலத்தோடு உள்ளே தள்ளுகிறது. அப்போதுதான் கீறல் வாய் திறக்கும். த்ராட்டிலை முழுதாகத் திறந்துவிட்டால் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்று. கீறல் இருந்தாலும் அந்த வழியாகத் தள்ள ஆள் இல்லை. அதோடு பெரிய வாசல் வழியாக வரும் காற்றின் அளவுக்கு முன்னால் அந்தக் கொஞ்சம் ஒரு பொருட்டே இல்லை.

அதனால்தான் இந்த வியாதி பிடித்த பைக் கன்னியக்கோயில் தாண்டி நேர் ரோட்டில் நன்றாகப் போகும். அரியாங்குப்பம் சிக்னலில் நின்றதும் ஐடிலிங் நிலையாக இருக்காது. ஒரு நேரம் தானாக ரேஸ் ஆகும், ஒரு நேரம் பொத்தென்று ஆஃப் ஆகும். அண்ணனின் விமானமும் அதே கதைதான். டேக்-ஆஃபில் குறை சொல்ல முடியாது. இறங்க வரும்போது த்ராட்டிலைக் குறைத்தால் உடம்பெல்லாம் நடுங்குகிறது. பைக் சிக்னலில் ஆஃப் ஆனால் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அவ்வளவுதான். ரன்வேக்கு முன்னால் ஆஃப் ஆனால் வேறு கதை.

அவருடையது ஆஸ்திரியாவில் செய்யப்படும் ரோட்டாக்ஸ் 912. நான்கு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். பக்கத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டருக்குச் சோறு போடுகிறது. ஒவ்வொரு கார்புரேட்டரும் ஒரு ரப்பர் கழுத்தில் செருகி, சுற்றி ஒரு கிளிப் போட்டு இறுக்கியிருக்கும். கார்புரேட்டரின் எடையைப் பெரும்பாலும் சுமப்பது அந்தக் கழுத்துதான். ஒரு பக்கக் கழுத்தில் மட்டும் கீறல் விழுந்தால் அந்தப் பக்கச் சிலிண்டர்களுக்கு மட்டும் பெட்ரோல் குறைவான கலவை போகும். இடது பக்கம் ஒரு தாளம், வலது பக்கம் ஒரு தாளம். நடுக்கம் அங்கிருந்துதான். அந்த என்ஜினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவில் கியர் பாக்ஸ் வேறு இருக்கிறது. நடுக்கம் நீடித்தால் அடி அதற்கும் விழும்.

லைக்கமிங் போன்ற பழைய பெரிய என்ஜின்களில் அமைப்பு வேறு. கார்புரேட்டர் அடியில், என்ஜின் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்போடு சேர்ந்திருக்கும். அங்கிருந்து சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு குழாய் கிளம்பும். ஒவ்வொரு குழாயின் இரண்டு முனையிலும் ஒரு சீல். அங்கே ஒரு சின்ன வசதி உண்டு. விமானப் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருப்பதால், என்ஜின் நின்றபின் குழாயில் தங்கிய பெட்ரோல் சீல் வழியாகக் கசிந்தால் அந்த இடத்தில் நீல மை ஒற்றிய மாதிரி கறை படியும். தேடுகிறவனுக்கு அது ஓர் அம்புக்குறி.

பெட்ரோல் குறைந்த கலவையால் நடுக்கம் மட்டும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் குறைந்தால் சூடு ஏறும். ரொம்பக் குறைந்தால் சரியாகப் பற்றாமல் விட்டுவிட்டு எரியும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது சொல்லும்: காப்பித்தூள் நிறம் என்றால் சரி, சாம்பல் வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை. ரோட்டாக்ஸில் சிலிண்டருக்கு இரண்டு பிளக். சிலிண்டருக்கு ஒன்றாக நான்கைக் கழற்றி, அதே வரிசையில் பேப்பர் மேல் வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் கோளாறு என்று அப்போதே தெரிந்துவிடும். அண்ணன் அனுப்பிய இரண்டாவது போட்டோ அதுதான். இரண்டு காப்பி, இரண்டு சாம்பல்.

இதுவரை சொன்னது கார்புரேட்டருக்குப் பிந்தைய சீல். அதற்கு முந்தைய சீல், அதாவது பில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருப்பது, போனால் கலவை கெடாது. வரும் காற்று எல்லாம் கார்புரேட்டர் வழியாகத்தானே போகிறது. என்ஜின் பஞ்சு மாதிரி ஓடும். ஆனால் பில்டர் வழியாக வராத தூசி நேராகச் சிலிண்டருக்குள் போகும். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புச் செம்மண்ணில் ஓடிய பைக்குகளில் இதைப் பார்த்திருக்கிறேன். பில்டர் புதுசாகவே இருக்கும், அதைச் சுற்றியுள்ள ரப்பர் சரியாக உட்காராமல் இருக்கும், பிஸ்டன் ரிங் தேய்ந்து புகை கக்கும். சோதிக்க ஒரு விரல் போதும். பில்டருக்கு உள்பக்கக் குழாயில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரல் சுத்தமாக வர வேண்டும். மண் ஒட்டினால் எங்கோ வழி இருக்கிறது. பழைய ஆயிலைப் பரிசோதனைக்கு அனுப்பும் பழக்கம் விமானக்காரர்களிடம் உண்டு. அதில் சிலிக்கான் கூடுதலாகத் தெரிந்தால் முதலில் சந்தேகப்படுவது இந்தப் பக்கத்தைத்தான், மண்ணில் அது நிறைய இருக்கிறதே.

ஆக ஒரே மாதிரி ரப்பர், கார்புரேட்டருக்கு இந்தப் பக்கம் இருந்தால் ஒரு வியாதி, அந்தப் பக்கம் இருந்தால் வேறு வியாதி. ஒன்று நடுங்கிக் காட்டிக்கொடுக்கும், மற்றது வாயே திறக்காது. எனக்குப் பயம் இரண்டாவதைப் பார்த்துத்தான்.

ரப்பர் ஏன் கெடுகிறது? குக்கர் கேஸ்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதில் கெட்டியாகப் பிடிக்கும், போகப்போகத் தொளதொளத்துவிடும். அமுங்கியே இருந்த ரப்பர் பழைய உருவத்துக்குத் திரும்பும் குணத்தை இழந்துவிடுகிறது. என்ஜினில் இதோடு சூடு, பெட்ரோல், அதிர்வு எல்லாம் சேரும். வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரின் மேல்தோலைப் பிளக்கும். கடற்கரை ஊரில் உப்பு கிளிப்பைத் துருவேற்றும், துருவேறிய கிளிப் ஒரு பக்கமாகக் கடிக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியிலும் ரப்பர் வயசாகிக்கொண்டுதான் இருக்கும். ரோட்டாக்ஸ்காரர்கள் இப்படிப்பட்ட ரப்பர் பாகங்களை ஓடிய மணிக்கணக்கைப் பார்க்காமல் 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். அண்ணனுடையது ஆறாவது வருஷம். "பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். நல்லாத்தான் இருக்கும். வளைத்துப் பார்த்தால்தான் கீறல் தெரியும்.

எந்த ரப்பர் என்பதும் முக்கியம். நம் ஊரில் அவசரத்துக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போடும் வழக்கம் உண்டு. ஒரு துண்டு டியூபைப் பெட்ரோலில் ஊறப்போட்டு மறுநாள் எடுத்துப் பார்த்தேன். ஊறவைத்த அப்பளம் மாதிரி கொழகொழவென்று இருந்தது. பெட்ரோலைத் தாங்கும் ரப்பர் வகை வேறு: நைட்ரைல், விட்டான் போன்றவை. கதவு விளிம்புக்குப் போடும் ரப்பர், சாதாரண சிலிக்கான் எல்லாம் பெட்ரோல் பட்டால் ஊதிவிடும். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. பழைய ரப்பர் எல்லாவற்றுக்கும் அது ஒத்துவருவதில்லை.

கேஸ்கட் பேஸ்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் ட்யூபைப் பிதுக்க வேண்டும். இன்டேக் பக்கம் அது ஆகாது. பிதுங்கி உள்ளே தள்ளிய பேஸ்ட் பெட்ரோலில் ஊறி, துணுக்காகப் பிய்ந்து, காற்றோடு சேர்ந்து வால்வுக்குப் போகும். சில வகை காயும்போது வினிகர் வாசனை வரும், அது அலுமினியத்தை அரிக்கும். கையேடு பேஸ்ட் போடு என்று சொல்லாத இடத்தில் போடக்கூடாது, அவ்வளவுதான்.

மாற்றும் வேலையை அண்ணன் வீடியோ கால் போட்டு எனக்குக் காட்டினார். அங்கே மத்தியானம், இங்கே சாயங்காலம். நான் கடையைச் சாத்தாமல் போனை ஒரு ஆயில் டின் மேல் சாய்த்து வைத்துப் பார்த்தேன்.

ஸ்விட்ச் ஆஃப், சாவி அவர் பையில், பெட்ரோல் குழாய் மூடியாயிற்று. அப்படியும் புரொப்பெல்லருக்கு முன்னால் அவர் நிற்கவே இல்லை. ஆஃப் செய்த என்ஜினும் ஒரு ஒயர் விட்டிருந்தால் கையால் சுற்றியதும் பற்றிக்கொள்ளலாம். அதனால் அதை எப்போதும் ஓடும் என்ஜினாகவே பார்ப்பார்களாம். கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ. கேபிள் எந்த வளைவில் போகிறது, கிளிப்பின் ஸ்க்ரூ எந்தத் திசையைப் பார்க்கிறது எல்லாம் அதில் வந்துவிடும்.

கிளிப்பைத் தளர்த்தி, கார்புரேட்டரை இழுக்காமல் மெல்லத் திருகித் திருகி வெளியே எடுத்தார். ஒட்டிக்கொண்ட ரப்பரை ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் அலுமினியத்தில் கோடு விழும், அப்புறம் புது ரப்பர் போட்டாலும் அந்தக் கோடு வழியாக ஏர் இழுக்கும். கழற்றியதும் திறந்த வாயில் ஒரு சிவப்புத் துணியைத் திணித்தார், பாதி வெளியே தொங்கும்படி. ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் என்ஜினையே பிரிக்க வேண்டும். துணியை உள்ளேயே மறந்தாலும் அதே கதி. அதனால்தான் கண்ணில் அறையும் நிறம்.

ரப்பர் உட்காரும் முகத்தை மரக்குச்சியால் சுரண்டித் துடைத்தார். உலோக ஸ்கேலை நிறுத்தி வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. புது ரப்பரை முதலில் சும்மா வைத்துப் பார்த்து, பிறகுதான் ஸ்க்ரூ. எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் டார்க் ரிஞ்ச் போட்டு இரண்டு பக்கமும் மாறி மாறி, கையேட்டில் சொன்ன அளவுக்கு. கிளிப்பை அவர் இறுக்கியபோது நான் இங்கிருந்து "இன்னும் ஒரு சுத்து, அண்ணே" என்றேன். "அதான் தப்பு" என்றார். அதிகம் இறுக்கினால் ரப்பர் பிதுங்கி, கிளிப் விளிம்பிலேயே அடுத்த கீறல் தொடங்கும். கிளிப்பின் இரண்டு முனைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்றே கையேட்டில் அளவு இருக்கிறது. 22 வருஷமாக நான் 'இன்னும் ஒரு சுத்து' ஆள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

அவ்வளவு பார்த்தும் வேலை பாதிதான். உண்மையில் அடைபட்டதா என்று பார்க்க வேண்டுமே. எங்கள் கடையில் என்ஜினை ஓடவிட்டு ரப்பர் மேல் ஸ்ப்ரே அடிப்போம், ஐடிலிங் மாறினால் அங்கே ஓட்டை. விமானத்தில் அந்த வேலைக்குப் போகக்கூடாது. முன்னால் புரொப்பெல்லர் சுற்றுகிறது, பக்கத்தில் சூடான சைலன்சர், கையில் பற்றக்கூடிய திரவம். அதற்குப் பதிலாக அவர் செய்தது பஞ்சர் கடை வேலை. என்ஜினை நிறுத்திய நிலையில், வாக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்துக் குழாயிலிருந்து இன்டேக்குக்குள் மெல்லக் காற்றை விட்டார். ஓடும்போது உள்ளே இழுக்கும் ஓட்டை இப்போது வெளியே ஊதும். ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவினார். புது ரப்பரில் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குக் கீழே, குழாய் சிலிண்டரோடு சேரும் இடத்தில், கடுகு அளவுக்கு ஒரு குமிழி வந்தது, வெடித்தது, மறுபடி வந்தது.

அங்கே இருந்தது ஓர் ஓ-ரிங், மெல்லிய ரப்பர் வளையம். அதுவும் ஆறு வயசு. தொட்டதும் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாக இருந்தது. பெரிய கீறல் கண்ணில் பட்டதால் இந்தச் சின்னதை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். அன்றைக்கு வேலை அங்கேயே நின்றது. நான்கு ஓ-ரிங்கும், அடுத்த பக்கத்து ரப்பர் கழுத்தும் சேர்த்து ஆர்டர் போட்டார். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்று விடுவதில் அர்த்தமில்லை.

பத்து நாள் கழித்து எல்லாம் போட்டு, குமிழி இல்லை என்று பார்த்து, திணித்த துணியை எடுத்தாயிற்றா என்று எண்ணி, ஸ்க்ரூ தலைகளின் மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். ஸ்க்ரூ அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். இரண்டு கார்புரேட்டரையும் கழற்றி மாட்டியதால் மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும். அதற்காக இரண்டு பக்கமும், உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் வாக்குவம் கேஜ் மாட்டினார். அப்புறம் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒருவர் தீயணைப்பான் பிடித்து நிற்க, ஸ்டார்ட். முள் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்வரை ஓடவிட்டுப் பார்த்து, நிறுத்திக் கேபிளைத் திருகினார். ஐடிலிங் நிலையாக இருந்தது. போனில் கேட்ட சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இரண்டு பக்கமும் ஒரே தாளம்.

ஆறவிட்டுக் கிளிப்பை மறுபடி பார்த்தார். முதல் சூட்டில் புது ரப்பர் கொஞ்சம் அமுங்கும். பிறகு லாக் புக்கை எடுத்துத் தேதி, ஓடிய மணி, மாற்றிய பாகங்களின் எண், டார்க் அளவு, சோதனை முடிவு எல்லாம் எழுதி, ரப்பர்களின் அடுத்த மாற்று வருஷத்தைச் சிவப்பு மையில் கட்டம் போட்டார். கழற்றிய பழைய ரப்பரை எனக்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன். பொங்கலுக்குப் பாண்டி வரும்போது கொண்டுவருவார், கடையில் பையன்களுக்கு வளைத்துக் காட்ட.